கையெழுத்துக்கு முன்: உடற்பயிற்சி நிலைய அங்கத்துவமும் பாவனையாளர் உரிமையும்

ஆரோக்கியம், ஓய்வு நேரம் ஆகிய இரண்டு அருட்கொடைகளின் விடயத்தில் மனிதருள் பலர் ஏமாந்துபோகின்றனர் என்ற கருத்தில் அமைந்த நபிமொழியொன்று ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. ஏமாந்தவரைக் குறிக்க அதில் வரும் 'மக்பூன்' என்ற அரபுச் சொல் சந்தையிலிருந்து வந்தது. விலை அறியாமல் கொடுக்கல் வாங்கலில் நட்டப்பட்டவரையே அச்சொல் குறிக்கும். ஆரோக்கியத்தையே விலை பேசி வாங்கும் இக்காலத்தில் அந்தச் சொல்லைக் கூடுதல் கவனத்தோடு எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் எட்டாத வீடு எமது ஊர்களில் அரிது. கடற்கரையில் நடக்க ஆண்களுக்கு இருக்கும் வசதி பெண்களுக்கு எல்லா வேளையிலும் கிடைப்பதில்லை. ஆகவே பெண்களுக்கென நேரம் ஒதுக்கி, பெண் பயிற்றுநரை வைத்திருக்கும் உடற்பயிற்சி நிலையங்களை எமது மாணவிகளும் தாய்மாரும் நாடுவது இயல்பானது, வரவேற்கத்தக்கதும் கூட. உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மாதங்களில் பல மாணவிகளுக்கு இந்த எண்ணம் வருகிறது.

நிலையத்துக்குச் சென்றதும் வரவேற்பு மேசையில் ஒரு படிவம் நீட்டப்படும். மாதாந்தம் கட்டினால் இவ்வளவு, ஓராண்டுக்கு ஒன்றாகக் கட்டினால் இவ்வளவு கழிவு, அந்தக் கழிவும் இன்றைக்கு மட்டும் என்று சொல்லப்படும். படிவத்தின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் நிபந்தனைகள் இருக்கும். பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அந்த இடத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன் ஒவ்வொரு மாணவியும் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டியவற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முற்பணம் என்பது நாம் கொடுக்கும் கடன்

கடையில் ஒரு கிலோ சீனி வாங்கும்போது பணமும் பொருளும் ஒரே நேரத்தில் கைமாறுகின்றன. ஓராண்டு அங்கத்துவம் அப்படிப்பட்டதல்ல. பணம் முழுவதும் இன்றே போய்விடுகிறது. சேவை பன்னிரண்டு மாதங்களில் சிறிது சிறிதாக வரவேண்டியிருக்கிறது. பணம் கட்டிய கணத்திலேயே நாம் கடன் கொடுத்தவர் ஆகிறோம். நிலையம் எமக்குச் சேவை கடன்பட்டதாகிறது. நிலையம் இடையில் மூடப்பட்டாலோ, பெண் பயிற்றுநர் விலகிப்போனாலோ நட்டம் எம்முடையது.

இது வெறும் கற்பனை அச்சமன்று. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றால் எமது நாட்டில் ஊரடங்கு வந்தபோது உடற்பயிற்சி நிலையங்களின் கதவுகளும் மூடப்பட்டன. அதே ஆண்டு ஜூனில் அமெரிக்காவின் '24 ஹவர் ஃபிட்னஸ்' என்ற பெரிய நிறுவனம் நீதிமன்றத்தில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி, நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்களை நிரந்தரமாக மூடியது. பெரிய பெயரும் பல கிளைகளும் முற்பணத்துக்குப் பிணை ஆகா.

கடனட்டையில் தவணை முறையில் கட்டுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அத்தகைய திட்டங்களில் நிலையத்துக்குரிய தொகையை வங்கி முதலிலேயே கொடுத்துவிடும். தவணைகளை நாம் வங்கிக்கே கட்டுகிறோம். நிலையம் மூடப்பட்டாலும் வங்கியின் தவணை தானாக நின்றுவிடாது.

கடன் என்றால் எழுதிக்கொள்ள வேண்டும் என்பதை எமது மார்க்கம் மிகத் தெளிவாகக் கற்பித்திருக்கிறது. அல்குர்ஆனின் ஆக நீண்ட வசனமான ஸூறத்துல் பகராவின் 282 ஆம் வசனம் தொழுகையையோ நோன்பையோ பற்றியதன்று. தவணைக் கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியது. சிறிய தொகையாயினும் எழுதச் சோம்பக் கூடாது என்பதும், பொறுப்பை ஏற்பவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும் என்பதும் அதில் அடங்கிய வழிகாட்டல்கள். எம்மிடம் நீட்டப்படும் படிவத்தில் எமது கடமைகள் எல்லாம் அச்சாகியிருக்கும். நிலையம் ஏற்றுக்கொண்ட பொறுப்புகள் பெரும்பாலும் வாய்ச்சொல்லாகவே நின்றுவிடும். அவற்றையும் தாளில் கொண்டுவருவதே எமது வேலை.

நாளைய நம்மைப் பற்றிய தப்புக் கணக்கு

ஸ்டெஃபனோ டெல்லாவிக்னா, உல்ரிக்க மால்மெண்டியர் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்காவில் மூன்று நிலையங்களைச் சேர்ந்த 7,752 அங்கத்தவர்களின் மூன்றாண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2006 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாதம் 70 டொலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு நான்கு தடவைகளுக்குச் சற்றுக் கூடுதலாகவே சென்றிருந்தார்கள். ஒரு தடவைக்கு 17 டொலருக்கு மேல் செலவாயிற்று. அதே நிலையத்தில் பத்துத் தடவைக்கான சீட்டை வாங்கியிருந்தால் ஒரு தடவைக்கு 10 டொலர் மட்டுமே. கடைசியாகப் போன நாளுக்கும் அங்கத்துவத்தை நிறுத்திய நாளுக்கும் இடையில் சராசரியாக இரண்டு மாதங்களுக்கு மேல் கழிந்திருந்தன. அந்த மாதங்களுக்கும் பணம் போயிருந்தது.

இம்மக்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர். நாளை முதல் ஒழுங்காகப் போவோம் என்று உண்மையாகவே நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்குத்தான் விலை கொடுத்தார்கள்.

எமது சூழலுக்கு ஓர் உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாதக் கட்டணம் 4,000 ரூபா என்றும், ஓராண்டுக்கு ஒன்றாகக் கட்டினால் 36,000 ரூபா என்றும் வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு மாதத்துக்கு ஒன்பது மாதக் காசு என்பது நல்ல கழிவுதான். ஆனால் அதில் இலாபம் காண ஒன்பது மாதத்துக்கு மேல் போக வேண்டும். ஒரு மாணவி ஐந்தாவது மாத முடிவில் பல்கலைக்கழக அனுமதி பெற்று ஒலுவிலுக்கோ பேராதனைக்கோ போய்விட்டால், மாதாந்தம் கட்டியிருந்தால் 20,000 ரூபாவோடு முடிந்திருக்கும் செலவு 36,000 ஆகிறது. 16,000 ரூபா வீண். நோன்பு மாதம், பரீட்சைக் காலம், கிண்ணியாவிலிருந்தோ மூதூரிலிருந்தோ வரும் பிள்ளைக்குப் பயணம் முடியாத மழைக்காலம் ஆகியவற்றையும் கழித்துப் பார்த்தால், பன்னிரண்டு மாதம் எத்தனை மாதமாகச் சுருங்குகிறது என்பது விளங்கும்.

ஆகவே முதல் இரண்டு மூன்று மாதங்கள் மாதாந்தக் கட்டணத்தில் சென்று பழக்கம் நிலைத்தபின் நீண்ட அங்கத்துவத்தைப் பற்றி யோசிப்பதே புத்திசாலித்தனம். கழிவு இன்றைக்கு மட்டும் என்று அவசரப்படுத்தினால் அந்த அவசரம் யாருக்குப் பயன்படுகிறது என்று ஒரு கணம் எண்ணுங்கள்.

கையெழுத்தின் பலம்

1934 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தீர்ப்பளிக்கப்பட்ட ஒரு வழக்கைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். வேல்ஸில் லாண்டட்னோ என்ற கடற்கரை ஊரில் சிற்றுண்டிச்சாலை நடத்திய லெஸ்ட்ரேஞ்ச் என்ற பெண்மணி, காசு போட்டால் சிகரெட் தரும் இயந்திரம் ஒன்றை வாங்கினார். சில நாட்களில் அது பழுதாகிவிட்டது. படிவத்தின் சிறிய எழுத்தில், எழுதப்படாத எந்த உத்தரவாதத்துக்கும் விற்பனையாளர் பொறுப்பல்லர் என்று இருந்தது. அதைத் தாம் வாசிக்கவேயில்லை என்று அவர் சொன்னார். கையெழுத்திட்டவர் வாசித்தாரோ இல்லையோ அதற்குக் கட்டுப்பட்டவரே என்று நீதிமன்றம் தீர்த்தது.

எமது நாட்டிலும் பொதுவான நிலை இதுவே. மோசடி போன்ற விசேட காரணம் இல்லாவிட்டால், 'வாசிக்கவில்லை', 'ஆங்கிலம் விளங்கவில்லை' என்பவை பின்னர் எளிதில் எடுபடா. எனவே விளங்காத மொழியில் உள்ள படிவத்துக்கு ஒரே ஒரு பதில் போதும்: "வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு நாளைக்கு வருகிறேன்." நேர்மையான நிலையம் இதற்கு மறுப்புச் சொல்லாது. மறுத்தால் அதுவே நமக்குக் கிடைத்த தகவல்.

கையெழுத்தின் கடுமையைச் சட்டம் சில இடங்களில் தளர்த்தியும் இருக்கிறது. 2011 மே மாதம் இலண்டன் உயர் நீதிமன்றம், ஏறத்தாழ 700 உடற்பயிற்சி நிலையங்களுக்கு அங்கத்துவ ஒப்பந்தங்களை நிர்வகித்த ஆஷ்போர்ன் என்ற நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் தீர்ப்பளித்தது. அறிவித்தல் கொடுத்து விலக வழியில்லாமல் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் அங்கத்தவரைக் கட்டிப்போடும் நிபந்தனைகள் நியாயமற்றவை என நீதிபதி கிச்சின் கண்டார். மக்கள் தமது எதிர்கால வருகையை மிகையாக மதிப்பிடும் பலவீனத்தைப் பயன்படுத்திக்கொள்வதாக அந்த வணிகமுறை அமைந்திருந்தது அவரது முடிவுக்கு ஒரு காரணமாயிற்று.

எமது சட்டம் தரும் பாதுகாப்பு

இலங்கையில் இவ்விடயத்துக்குப் பொருந்தும் இரண்டு சட்டங்களைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

முதலாவது, 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் அல்லது ஏமாற்றும் நடத்தையில் வணிகர் ஈடுபடக்கூடாது என்கிறது அதன் 30 ஆம் பிரிவு. பொருட்கள், சேவைகள் பற்றிய பொய்யான கூற்றுகளை 31 ஆம் பிரிவு தடைசெய்கிறது. 'தகுதி பெற்ற பெண் பயிற்றுநர் முழுநேரமும் இருப்பார்' என விளம்பரம் செய்துவிட்டு அப்படி ஒருவரையே வைத்திருக்காவிட்டால் இந்தப் பிரிவுகளை நினைவில் கொள்ளலாம். சேவைகள் உரிய கவனத்தோடும் திறமையோடும் வழங்கப்படும் என்ற உத்தரவாதம் எழுதப்படாவிட்டாலும் ஒப்பந்தத்தில் உள்ளடங்கியிருக்கிறது என்பது 32 ஆம் பிரிவின் சாரம்.

இரண்டாவது, 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம். பிரித்தானியாவின் 1977 ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவி ஆக்கப்பட்டது இது. படிவங்களில் அடிக்கடி காணப்படும் ஒரு வரி, 'பயிற்சியின்போது ஏற்படும் எந்தக் காயத்துக்கும் நிலையம் பொறுப்பல்ல' என்பது. நிலையத்தின் கவனக்குறைவால் மரணமோ உடற்காயமோ ஏற்பட்டால், இத்தகைய வரியைக் காட்டிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க இச்சட்டம் இடமளிப்பதில்லை. பழுதான கம்பிவடம் அறுந்து ஒரு பிள்ளை காயப்பட்டால் படிவத்தில் ஒப்பமிட்டோமே என்று வாய்மூடியிருக்க வேண்டியதில்லை. அதேவேளை, பாரம் தூக்கும் முறையைச் சொல்லித்தந்தும் கேளாமல் நாமே வருவித்துக்கொண்ட காயத்துக்கு நிலையத்தைக் குற்றம் சொல்வதும் நீதியாகாது.

சட்டம் தராததை எழுதிக் கேட்டல்

நியூயோர்க் மாநிலத்தில் உடற்பயிற்சி நிலையங்களுக்கெனவே தனிச் சட்ட ஏற்பாடு இருக்கிறது. ஒப்பமிட்டு மூன்று வேலைநாட்களுக்குள் காரணம் சொல்லாமலே விலகிப் பணத்தைத் திரும்பப் பெறலாம். நிலையத்திலிருந்து 25 மைலுக்கு அப்பால் குடிபெயர்ந்தாலும், மருத்துவர் பயிற்சி கூடாதென்றாலும் இடையில் விலகலாம். எமது 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இப்படி மனம் மாறி விலகும் நாட்கள் வழங்கப்படவில்லை.

இந்த யோசனை எமக்குப் புதியதன்று. கொடுக்கல் வாங்கலில் அடிக்கடி ஏமாற்றப்பட்ட ஒரு தோழருக்கு, வாங்கும்போதே ஏமாற்று இருக்கக்கூடாது என்று சொல்லிவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்த செய்தி ஹதீஸ் நூல்களில் உண்டு. விற்பனையில் மீளும் உரிமையை நிபந்தனையாக இடுவதை மார்க்க அறிஞர்கள் 'கியாருஷ் ஷர்த்' என்று விளக்கினர். ஷாபிஈ மத்ஹபில் அதன் எல்லை மூன்று நாட்கள். நியூயோர்க்கின் மூன்று நாட்களும் இந்த மூன்று நாட்களும் ஒரே மனித பலவீனத்தை அறிந்து வைக்கப்பட்டவை. சட்டம் தராத இடத்தில் இரு தரப்பும் உடன்பட்டு எழுதிக்கொள்வதற்குத் தடை இல்லை.

எனவே ஒப்பமிடுவதற்கு முன் பின்வருவனவற்றைக் கேட்டு, உடன்பட்டதைப் படிவத்திலேயே எழுதுவித்து, இரு தரப்பும் அருகில் சுருக்கொப்பம் இடுவது நல்லது.

1. மனம் மாறினால் எத்தனை நாட்களுக்குள் விலகலாம்? சேர்வுக் கட்டணம் திரும்புமா?
2. படிப்புக்காக மாவட்டத்தை விட்டுப் போனாலோ, நோயுற்றாலோ, கர்ப்பமுற்றாலோ மீதி மாதங்களின் பணம் என்ன ஆகும்? அங்கத்துவத்தைச் சகோதரிக்கோ தாய்க்கோ மாற்றலாமா?
3. ரமழானிலும் பரீட்சைக் காலத்திலும் அங்கத்துவத்தை நிறுத்திவைத்து, அந்த நாட்களைப் பின்னால் சேர்த்துத் தருவார்களா?
4. பெண்களுக்கான நேரம் எது? அந்த நேரத்தில் ஆண் பணியாளர் உள்ளே வருவாரா? நேரம் மாற்றப்பட்டாலோ பெண் பயிற்றுநர் இல்லாமற்போனாலோ விலகிப் பணம் பெறலாமா?
5. கண்காணிப்புக் கமெரா எங்கெங்கே உள்ளது? பதிவை யார் பார்ப்பார்? அங்கத்தவர் படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்த அனுமதி கேட்கும் வரி படிவத்தில் இருந்தால் அதை வெட்டிவிட்டு ஒப்பமிடலாமா?
6. காலம் முடிந்ததும் அங்கத்துவம் தானாகப் புதுப்பிக்கப்பட்டு அட்டையிலிருந்து பணம் கழிக்கப்படுமா?

நான்காவதும் ஐந்தாவதும் எமது பெண் பிள்ளைகளுக்கு மிக முக்கியமானவை. பெண்களுக்கான தனி நேரம் என்பதற்காகவே நாம் அந்த நிலையத்தைத் தெரிவுசெய்கிறோம். அது படிவத்தில் எழுதப்படாவிட்டால், நாளை நேரம் மாறும்போது நாம் கேட்ட சேவை அதுதான் என்று நிறுவுவது கடினம்.

பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர்

1989 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கையில் பராய வயது 21 இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. அதற்குக் குறைந்த வயதுள்ள மாணவி, பாதுகாவலரின் துணையின்றித் தனியே செய்யும் ஒப்பந்தம் பொதுவாக அவளைக் கட்டுப்படுத்தாது. அதனால்தான் படிவத்தில் பெற்றோரின் ஒப்பம் கேட்கப்படுகிறது. வாப்பாவோ உம்மாவோ ஒப்பமிடும்போது சிலவேளை சம்மதம் மட்டுமே கொடுக்கிறார். சிலவேளை பணப் பொறுப்பையும் தம் தலையில் ஏற்கிறார். எது என்பதை வாசித்து அறிந்தே ஒப்பமிட வேண்டும். பதினெட்டு நிறைந்த மாணவியின் ஒப்பமோ முழு ஒப்பமே. வாக்களிக்கும் உரிமையோடு ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படும் பொறுப்பும் அந்த வயதில் வந்துவிடுகிறது.

பிரச்சினை எழுந்தால்

முதலில் நிலைய உரிமையாளருக்கு எழுத்தில் அறிவியுங்கள். திகதி, கட்டிய தொகை, வாக்களிக்கப்பட்டது, நடந்தது, கேட்கும் பரிகாரம் ஆகிய ஐந்தும் ஒரு பக்கத்தில் அடங்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் அழிக்காமல் வைத்திருங்கள். பற்றுச்சீட்டு, ஒப்பந்தப் பிரதி, விளம்பரத்தின் படம் ஆகியவை சேர்க்கும் நாளிலிருந்தே ஓர் உறையில் இருக்கட்டும்.

தீர்வு கிடைக்காவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையை 1977 என்ற துரித இலக்கத்தில் அழைத்து வழிமுறையைக் கேட்டறியலாம். சட்டத்தின் 13 ஆம் பிரிவின்படியான முறைப்பாடு எழுத்தில், சேவை வழங்கப்பட்டு மூன்று மாதங்களுக்குள் செய்யப்பட வேண்டும். பன்னிரண்டு மாத ஒப்பந்தத்தில் 'பார்ப்போம், பார்ப்போம்' என்று காலம் கடத்துவது எமக்கே பாதகம். பிரச்சினை தொடங்கிய வாரத்திலேயே எழுதிவிடுவதே பாதுகாப்பு. சிறு தொகைப் பிணக்குகளுக்கு ஊரிலுள்ள மத்தியஸ்த சபையும் இருக்கிறது. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அச்சபையில் சட்டத்தரணி இல்லாமலே இரு தரப்பும் நேரில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

உரிமை கேட்பதை முரட்டுத்தனம் என்று நினைத்து எமது பெண் பிள்ளைகள் பலர் மௌனமாக இருந்துவிடுகிறார்கள். 'ஐயாயிரம் பத்தாயிரத்துக்காக வாக்குவாதப்பட வேண்டுமா?' என்று பெற்றோரும் விட்டுவிடுகிறார்கள். அந்தப் பத்தாயிரம், கடலுக்குப் போன ஒருவரின் அல்லது பாலைவன வெயிலில் உழைக்கும் ஒருவரின் வியர்வை. அதைக் காப்பதும் அமானிதமே. ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்ற இறைகட்டளை எமக்கு இருப்பதைப் போலவே நிலையத்தை நடத்துபவருக்கும் உண்டு. கேள்வி கேட்கும் பாவனையாளர் அவரையும் அந்தக் கடமையில் நிலைத்திருக்கச் செய்கிறார்.

உடலைப் பேணுங்கள் மாணவிகளே. ஒழுங்காகப் பயிற்சி செய்யுங்கள். ஆனால் படிவம் நீட்டப்படும்போது பேனாவைத் திறப்பதற்கு முன் பின்பக்கத்தைத் திருப்பி வாசியுங்கள். வீட்டில் படிவத்தை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நீங்களாகவும் இருக்கக்கூடும். அப்போது உங்கள் உம்மாவுக்கும் வாசித்து விளக்குங்கள்.